சுண்டாதே, பொறு!

தூண்டில் போடும் ஒவ்வொருவரும் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. தக்கை ஆடுகிறது, ஒரு தரம் முழுகி எழுகிறது, பிறகு சரேலென்று தண்ணீருக்குள் போய்விடுகிறது. உடனே கரையில் நிற்கும் அத்தனை பேரும், "சுண்டு! சுண்டு!" என்று கூவுகிறார்கள். சுண்ட வேண்டிய சமயத்தில் சுண்டத் தவறியவன் அன்று வெறுங்கையுடன்தான் வீடு திரும்புவான். ஏரிக்கரையிலும் வாய்க்கால் மதகிலும் தலைமுறை தலைமுறையாய் வழங்கிவரும் பாடம் இது. நாமும் சிறு பிராயத்தில் இதில் நன்றாய்த் தேர்ச்சி பெற்றவர்களே. பள்ளிக்கூடத்தில் படித்தவற்றில் பல மறந்து போயின; இது மட்டும் மறக்கவில்லை.

அந்தப் பாடத்தை மறந்தால்தான் மீன் கிடைக்கும் என்று சொல்லும் தூண்டில் முள் ஒன்று இருக்கிறது. அதற்கு வட்டமுள் என்று பெயர். அதனுடன் நமக்கு ஏற்பட்ட முதல் பரிச்சயம் அவ்வளவு கௌரவமானதன்று. ஆயினும் நேயர்களிடம் அதை மறைப்பானேன்?

சென்ற ஆண்டு சென்னைக்கு வடக்கே ஓர் உப்பங்கழியில் நண்பர் ஒருவருடன் படகேறிச் சென்றோம். நண்பர் மீன்பிடிக் கலையில் மிகுந்த சிரத்தையுள்ளவர். அவர் தம் பையிலிருந்து சிறு பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே இருந்த முட்களைக் கண்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு கொல்லன் தூக்கக் கலக்கத்தில் வளைத்துப் போட்டவைபோல் அவை உருண்டையாய்ச் சுருண்டு கிடந்தன. முனை வெளியே பாராமல் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. "இது மீனைக் குத்துவது எங்ஙனம்? தன்னைத்தானே குத்திக்கொள்ளும் போலிருக்கிறதே!" என்றோம். நண்பர் பதில் சொல்லாமல் ஓர் இறாலை அதில் கோத்து நம்மிடம் நீட்டினார்.

முதல் மீன் இரையைப் பற்றியது. சுண்டினோம்; நூல் இலேசாகி வந்துவிட்டது. இரண்டாவது மீன் பற்றியது. இன்னும் விரைவாய்ச் சுண்டினோம், இறாலும் போயிற்று. மூன்றாம் தடவை நாம் சுண்டிய சுண்டலில் படகே ஆடியது. முள் நம் காதோரமாய்ப் பறந்து சென்றது. மீன் மட்டும் வரவில்லை.

படகோட்டியிடமும் நண்பர் ஒரு வட்டமுள்ளைக் கொடுத்திருந்தார். அவர் அதை நீரில் விட்டு, நூலைப் படகின் குறுக்குப் பலகையில் கட்டிவிட்டு, படகில் ஊறிய தண்ணீரை இறைப்பதில் முனைந்திருந்தார். சிறிது நேரத்தில் அந்த நூல் விறைத்து நின்றது. அவர் ஏனத்தைக் கீழே வைத்துவிட்டு அவசரமின்றி நூலைப் பற்றி இழுத்தார். அழகான கொடுவா மீன் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் வாயின் கோடியில், மூக்குத்தி மாட்டியதுபோல், முள் மாட்டியிருந்தது.

"ஐயா சுண்டிக்கிட்டே இருந்தீங்க, மீன் போயிடுச்சு. நான் என் வேலையைப் பார்த்தேன், அதுவே மாட்டிக்கிச்சு" என்றார் அவர். வட்டமுள்ளின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இரண்டு முட்கள்

சாதாரணத் தூண்டில் முள்ளின் அமைப்பை நேயர்கள் அறிவார்கள். நேரான தண்டு ஒன்று. அடியில் ஒரு வளைவு. வளைவின் முடிவில் தண்டுக்கு இணையாய் மேல்நோக்கி நிற்கும் கூரிய முனை. ஆங்கில எழுத்தாகிய 'ஜே'யைப் போல் இருப்பதால் மேல்நாட்டார் அதற்கு அவ்வெழுத்தையே பெயராய் வைத்துவிட்டார்கள். அதன் முனைக்கு மறைப்பு இல்லை. இழுத்த மாத்திரத்தில் எது எதிர்ப்படுகிறதோ அதைக் குத்தும். உதடா, நாக்கா, செவுளா, தொண்டையா, இரைப்பையா என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

வட்டமுள்ளில் முனை தண்டை நோக்கி ஏறக்குறைய செங்கோணமாய்த் திரும்பியிருக்கிறது. கிளியின் அலகைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோன்ற தோற்றம். மொழுமொழுவென்ற வளைவே எங்கும் முன்னால் நிற்பதால், நேராய் இழுக்கும்போது அது எதையும் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது.

பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் சாதாரண முள்ளைப் போட்டு நூலைப் பிடித்து இழுத்தால், அடித்துணியிலேயே குத்தி நின்றுவிடும். வட்டமுள்ளைப் போட்டு மெள்ள இழுத்தாலோ, அது உள்துணியைத் தடவிக்கொண்டு வாய்வரையில் வந்துவிடும். வாயை அடைந்ததும் நூலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். முள் அப்படியே சுழன்று பையின் விளிம்பைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும்.

மீனின் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. மீன் இரையை விழுங்கிவிட்டுத் திரும்பி நீந்துகிறது. நூல் சிறிது சிறிதாய் இறுகுகிறது. முள் தொண்டையிலிருந்து வழுக்கி வாயின் கோடிக்கு வருகிறது. அங்கே நூலின் திசை மாறவே, முள் சுழன்று தாடையின் மூலையில் ஏறிக்கொள்கிறது. அதற்கப்பால் மீன் எவ்வளவுக்கெவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு பிடியும் உறுதியாகிறது. ஆகவே மீனை மாட்டுவது பிடிப்பவனுடைய கையன்று. மீனின் சொந்தப் பிரயத்தனமே. நம்மைப்போல் அவசரப்பட்டுச் சுண்டுகிறவனோ, முள் சுழலுவதற்கு வேண்டிய அவகாசத்தைத் தராமல் அதை வாயிலிருந்து பிடுங்கிவிடுகிறான்.

நீரில் விட்ட மீன் பிழைக்கிறதா?

அன்று மாலை படகோட்டிக்கு இன்னொரு கொடுவாயும் கிடைத்தது. அது சாண் நீளங்கூட இராது. முள்ளை ஒரு திருகு திருகி எடுத்துவிட்டு அவர் குஞ்சை நீரில் விட்டார். அது வாலை ஒரு வீச்சு வீசிவிட்டு மறைந்தது. முள் இரைப்பையில் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பொழுதும் அது நீந்தித்தான் போயிருக்கும். நாமும் புண்ணியம் செய்தோம் என்று திருப்தியடைந்திருப்போம். ஆனால் இரைப்பையோ செவுளோ கிழிந்த மீன் பல சமயங்களில் நம் கண்ணுக்கு மறைவில் செத்துப்போகிறது.

இது அற்ப விஷயமன்று. அமெரிக்காவின் கீழ்க்கரையில் 'ஸ்டிரைப்ட் பாஸ்' என்ற வரிக்கோட்டு மீனைப் பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிட்டுப் பிடிப்போர் ஏராளம். குறித்த அளவுக்கு உட்படாத மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரிய மீனையும் மனமுவந்து விடுவோர் பலர். அப்படி விடப்படும் மீன்களில் நூற்றுக்கு 9 பின்னர் இறப்பதாக அங்குள்ள மீன்வள நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள். நூற்றுக்கு 9 என்பது பெரிதாகத் தோன்றாது. ஆனால் விடப்படும் மீன்களின் தொகை மிக அதிகம். 2017-ம் வருஷத்தில் மீன் பிடிப்பால் ஏற்பட்ட மொத்த இழப்பில், அதாவது வலைக்காரர் கொண்டுபோனதும் தூண்டில்காரர் கொண்டுபோனதும் உட்பட எல்லாம் சேர்ந்ததில், நூற்றுக்கு 48 பங்கு இவ்விதம் விட்டபின் இறந்த மீன்களே! சமைத்துத் தின்றதில் சேராமலும் கடலில் எஞ்சியதில் சேராமலும் ஏறக்குறைய பாதி வீணாயிற்று. இதைக் கண்டே, அட்லாண்டிக் கரையோர மாகாணங்களின் கூட்டு மீன்வள ஆணைக்குழு, அந்த மீனுக்கு இரை வைத்துத் தூண்டிலிடும் பொழுதுபோக்காளர் யாவரும் 2021-ம் வருஷ ஆரம்பத்திலிருந்து வட்டமுள்ளையே உபயோகிக்க வேண்டும் என்று விதித்தது.

பன்னீராயிரம் வருஷத்துப் புதுமை

இதையெல்லாம் கேட்கும்போது, வட்டமுள் இந்த நூற்றாண்டின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த புதுமை என்று நேயர்கள் எண்ணலாம். உண்மை வேறு.

இந்தோனேஷியாவைச் சேர்ந்த அலோர் தீவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு புராதனப் புதைகுழியைத் தோண்டினார்கள். அதன் விவரம் 2017-ல் வெளியாயிற்று. சுமார் 12,000 வருஷங்களுக்குமுன் அடக்கம் செய்யப்பட்டவர் அதில் கிடந்தார். எலும்புகளின் இலட்சணத்தைக் கொண்டு பார்த்தால் அவர் ஒரு பெண்ணாக இருக்கலாம். மோவாயின் அருகே ஐந்து தூண்டில் முட்கள் வைக்கப்பட்டிருந்தன. கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த முட்கள் அவை. அவற்றில் நான்கு வட்ட வடிவமானவை! இறந்தபின்னும் உடன்போக வேண்டிய பொருள் என்று அந்த ஜனங்கள் அதைக் கருதியிருக்கிறார்கள்.

பசிபிக் சமுத்திரத்தின் தீவுகளெங்கும் இவ்வடிவம் பரவியிருந்தது. ஹவாய்த் தீவினரும் நியூஸிலாந்தின் மாவோரி மக்களும் எலும்பிலும் சிப்பியிலும் வட்டமுட்களை இழைத்தார்கள். மாவோரி மொழியில் தூண்டில் முள்ளுக்கு 'மடாவு' என்று பெயர். அதன் உருவத்தையே கழுத்தணியாகவும் அவர்கள் பூண்டு வந்திருக்கிறார்கள். இரும்பு முள்ளுடன் கப்பலேறி வந்த ஐரோப்பியர்களில் பலருக்கு அதன் சூட்சுமம் விளங்கவில்லை. முனை உட்புறம் திரும்பிய அந்த முள்ளில் மீன் எப்படி மாட்டும் என்று அவர்கள் அதிசயித்தார்கள். படகில் நாம் சிரித்த அதே சிரிப்புத்தான். இரும்பு கிடைக்காத குறையால் இப்படி வளைத்துக்கொண்டார்கள் என்று எண்ணுவது எளிது. மீனின் சுபாவத்தை நன்றாய் அறிந்தே வளைத்தார்கள் என்று உணர்வதற்கு வெகுகாலம் பிடித்தது.

கடைசியில் அவ்வடிவத்தின் மேன்மையை நிரூபித்தவர்கள் கடலில் பிழைப்பு நடத்துகிறவர்களே. வட பசிபிக் கடலில் 'ஹாலிபட்' என்ற பெருந்தட்டை மீனைப் பிடிப்போர் 1980-க்குப் பிந்தைய சில வருஷங்களில் பழைய முள்ளை விட்டு வட்டமுள்ளுக்கு மாறினார்கள். ஜீவகாருண்யம் இதற்குக் காரணமன்று. அதே எண்ணிக்கையுள்ள முட்களில் முன்னையைவிட இருமடங்குக்குமேல் மீன் கிடைத்தது, அதுவே காரணம். ஒருமுறை மாட்டிய மீன் நழுவிப் போகாமையே இந்த இலாபத்தின் இரகசியம்.

ஆமைகளின் வழக்கு

வட்டமுள்ளை உலகறியச் செய்தவை கடலாமைகள். நம் மீனவர்கள் 'ஆயிரங்கால் தூண்டில்' என்று சொல்லும் சாதனம் நேயர்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீண்ட தாய்க்கயிறு ஒன்றிலிருந்து வரிசையாய்க் கிளைநூல்கள் தொங்கும்; ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த முள் இருக்கும். பெருங்கடல்களில் மைல் கணக்காய் நீளும் இத்தகைய கயிறுகளை வாள்மீனுக்கும் சூரைக்கும் விடுகிறார்கள். இரையை நாடி ஆமைகளும் வருகின்றன. முள்ளை விழுங்கிய ஆமையின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

வட அட்லாண்டிக்கில் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கேயுள்ள வாள்மீன் களத்தை, ஆமைகளின் பொருட்டு, அமெரிக்க சர்க்கார் தம் நாட்டுப் படகுகளுக்கு மூடிவிட்டார்கள். மூடிய அந்தக் களத்திலேயே, வாள்மீன் பிடிப்போரின் படகுகளைக் கொண்டே, 2001 முதல் 2003 வரையில் பரீட்சைகள் நடந்தன. பழைய முள்ளையும் கணவாய் இரையையும் ஒரு பக்கம் வைத்தார்கள். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய வட்டமுள்ளையும் கானாங்கெளுத்தி இரையையும் மறுபக்கம் வைத்தார்கள். விளைவு பிரமிக்கத்தக்கதாயிருந்தது. பெருந்தலை ஆமைகள் அகப்படுவது நூற்றுக்கு 90 பங்கு அளவில் குறைந்தது. ஏழுவரி ஆமைகள் அகப்படுவது ஏறக்குறைய 65 பங்கு குறைந்தது. வாள்மீன் வரவோ குறையவில்லை.

காரணங்களும் சுவையானவை. பெருந்தலை ஆமை இரையைக் கடித்து விழுங்கும் ஜாதி. அகன்ற வட்டமுள் அதன் வாய்க்குள் எளிதில் நுழைவதில்லை. கணவாய் இரப்பரைப்போல் இழுபடுவதால் ஆமை அதை முள்ளோடு சேர்த்து விழுங்கிவிடும். மீனையோ சிறிது சிறிதாய்க் கடித்துப் பிய்த்துத் தின்னும். முதுகில் ஏழு வரிமேடுகளுடைய ராட்சத ஆமைக்கு ஜெல்லிமீனே பிரதான ஆகாரம். அது தூண்டில் இரையைப் பெரும்பாலும் தேடுவதில்லை. ஆனால் போகிற போக்கில் பழைய முள்ளின் திறந்த முனை அதன் துடுப்பிலும் தோளிலும் குத்திவிடும். வட்டமுள்ளில் முனை உள்ளே அடங்கியிருப்பதால் அந்த அபாயம் குறைந்தது.

இப்பரீட்சையின் பேரில் 2004-ல் அமெரிக்காவில் புதிய விதிகள் பிறந்தன. மூடப்பட்ட களம் வட்டமுள்ளுடன் மீண்டும் திறந்தது. ஆமைகளின் பொருட்டே நின்றுபோயிருந்த ஹவாயின் வாள்மீன் தொழிலும் அதே வருஷம் அதே நிபந்தனையுடன் மறுபடி தொடங்கிற்று. அங்கே மாறுதலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பெருந்தலை ஆமை நூற்றுக்கு 90 பங்கும், ஏழுவரி ஆமை 83 பங்கும் குறைவாய் அகப்பட்டது தெரியவந்தது. ஆமையைக் காப்பதா, மீனவனின் பிழைப்பைக் காப்பதா என்று வழக்காடிக்கொண்டிருந்த இரு கட்சியாருக்கும் ஒரு கம்பியின் வளைவு ஓரளவு சமாதானம் செய்துவைத்தது எனலாம்.

கோணலால் வந்த கேடு

முதுகில் பாய்போன்ற துடுப்பை விரிக்கும் பெரிய மீனை நம் கரையில் மயில்மீன் என்பார்கள். மத்திய அமெரிக்காவில் குவாதமாலா நாட்டின் கடலில் அதைப் பிடித்து விடுவோரிடையே நடந்த ஆராய்ச்சி ஒன்று 2002-ல் வெளியாயிற்று. வட்டமுள்ளில் அகப்பட்ட மீன்கள் பெரும்பாலும் தாடை மூலையிலேயே மாட்டின. பழைய முள்ளில் அகப்பட்டவற்றுக்கோ, இரத்தம் வடியும் காயம் படக்கூடிய வாய்ப்பு 21 மடங்கு அதிகமாயிருந்தது.

அதே ஆராய்ச்சி ஓர் எச்சரிக்கையையும் தந்தது. சில வட்டமுட்களில் முனையைத் தண்டின் நேரிலிருந்து பக்கவாட்டில் கோணலாய்ச் சாய்த்திருப்பார்கள். அதிகமாய்ச் சாய்த்த முட்கள், ஆழத்தில் குத்துவதில் பழைய முள்ளுக்கு ஏறக்குறைய இணையாகவே இருந்தன. பெயர் மட்டும் வட்டமாயிருந்து பயனில்லை. மேஜைமேல் வைத்தால் தட்டையாய்ப் படியும் முள்ளே நல்ல முள். ஸ்டிரைப்ட் பாஸ் மீனுக்கு ஏற்பட்ட விதியும் கோணலற்ற முள்ளையே குறிப்பிடுகிறது.

உபயோகிக்கும் முறை

தூண்டில் பிரியர்களின் நன்மைக்காகச் சில குறிப்புகளைத் தருகிறோம்.

இரையை முள்ளின்மேல் திணித்து மூடிவிடக் கூடாது. முனைக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள வெளி திறந்திருந்தால்தான் தாடை அதில் புகும். மீன் இரையானால் உதட்டிலோ முதுகிலோ சிறிதளவே கோப்பது நலம். மீன் பற்றியதும் கோலை உயர்த்திச் சுண்டாமல், அது நீந்திச் செல்ல விட்டு, நூல் தானாய் இறுகியபின் நிதானமாகச் சுற்ற வேண்டும். கை துடிக்கிறவர்கள் நம் படகோட்டியைப்போல் நூலைக் கட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பது உத்தமம்.

துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்க்க வேண்டும். மீனுக்குள் தங்கிவிட்டால் மற்ற முட்கள் நாளடைவில் அரித்துப்போகும், அது போகாது. முள்ளிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. இவ்வளவுக்கும் பிறகு மீன் ஆழமாய் விழுங்கிவிட்டால், குடைந்து எடுக்க முயலாமல் நூலை வாயருகே அறுத்து விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் உபகாரம்.

குறையும் உண்டு. மீனுக்கு மீன் வாயின் அமைப்பு வேறுபடுவதால், எல்லா ஜாதிக்கும் வட்டமுள் ஒரேவிதமாய்ப் பயன்படுவதில்லை. சில கடல்களில் சுறா இதில் அதிகமாய் அகப்படுவதாகவும் கண்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவின்றிப் பிடிப்பவனுக்கு எந்த முள்ளும் அளவைக் கற்பிக்காது.

நம் கரையில்

நம் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளுக்குத் தூண்டிலைவிட வலையே பெரிய எமன். அந்த வழக்கை வட்டமுள் தீர்த்துவைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடித்த மீனை விற்று ஜீவிக்கிற மீனவர், திரும்ப விடுவதைப்பற்றிப் பேசினால் சிரிக்கவும் கூடும். ஆயினும் அவருக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. தாடையில் மாட்டிய மீன் கயிற்றை இழுக்கும்வரையில் உயிரோடிருக்கும் வாய்ப்பு அதிகம். உயிரோடு வந்த மீனுக்குச் சந்தையில் மதிப்பும் அதிகம். வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பிய குஞ்சு அடுத்த வருஷம் பெரிய மீனாய் வரும் என்பதை அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சாண் நீளக் கொடுவாயை நீரில் விட்ட நம் படகோட்டி எந்த ஆணைக்குழுவின் அறிக்கையையும் படித்தவரல்லர்.

கரை சேர்ந்ததும் நண்பர் மிச்சமிருந்த முட்களை அவரிடமே கொடுத்துவிட்டார். நமக்கும் ஒன்று கிடைத்தது. அது இப்பொழுது நம் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கை சுண்டத்தான் துடிக்கிறது. நாற்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? அடுத்த முறை படகேறும்போது, நூலைப் பலகையில் கட்டிவிட்டுத் தண்ணீர் இறைக்கும் வேலையை நாமே கேட்டு வாங்கிக்கொள்வதாய்த் தீர்மானித்திருக்கிறோம்.